செக்: ஒரு ராஜாவின் பெயர் வங்கித் தாளான கதை

“மண்டபத்துக்காரருக்கு செக் கொடுத்தாச்சா?”

“கேஸ் லீக் ஆகுதான்னு செக் பண்ணு.”

“நீலத்துல ஒரு செக்டு சட்டை காட்டுங்க.”

“செக் போஸ்ட்ல வண்டியை மறிச்சு டிக்கியைத் திறக்கச் சொன்னாங்க.”

“கூட்டணிக் கட்சிக்கு செக் வைத்த தலைமை.”

கடைசி வாக்கியம் நாளிதழ்த் தலைப்பு. தேர்தல் நெருங்கினால் இப்படி ஒன்று கண்ணில் படாமல் போகாது. ஐந்து வாக்கியங்களிலும் இருப்பது ஒரே ஆங்கிலச் சொல்தான். ஒன்றில் அது பணம் கொடுக்கும் தாள், இன்னொன்றில் சோதித்துப் பார்ப்பது. அப்புறம் கட்டம் போட்ட துணி, சாலையில் வண்டியை நிறுத்தும் இடம், எதிராளியின் வழியை அடைப்பது. இவற்றுக்குள் என்ன சொந்தம்? துணிக்கும் வங்கிக்கும் என்ன உறவு இருக்க முடியும்?

உறவு இருக்கிறது. ஐந்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேருக்குப் பொருள் ‘ராஜா’.

கதைக்குள் போவதற்கு முன் ஓர் அடிப்படை விஷயம். ஒரே ஒலிக்குப் பல பொருள் இருப்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள் தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கும். ஐரோப்பாவில் ‘செக் குடியரசு’ என்று ஒரு நாடு இருக்கிறது. அது அங்கே வாழும் மக்களின் பெயர். நம் செக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்தாரே, அந்தச் செக்கு தமிழ்ச் சொல். அதற்கும் இந்தக் கதையில் இடமில்லை.

இரண்டாம் வகையில் சொல் ஒன்றே. காலம் போகப் போக அதன் பொருள் கிளை விடும். தமிழ் இலக்கணத்துக்கு இது புதிதல்ல. தொல்காப்பியத்தின் உரியியல், தொடக்கத்திலேயே ‘ஒருசொல் பலபொருட்கு உரிமை’ ஆவதைப் பேசிவிடுகிறது. ‘கடி’ என்ற ஒரே உரிச்சொல்லுக்குக் காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருள் அடுக்குகிறது. கடிநகர் என்றால் காவல் உள்ள நகரம் என்று பள்ளியில் படித்திருப்போம்.

ஒரு சொல் எந்த வகை என்பதை எழுத்துக்கூட்டலை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆங்கிலத்தில் சோதிக்கும் செக்கும் வங்கி செக்கும் வேறு வேறு விதமாக எழுதப்படுகின்றன, ஆனால் இரண்டும் ஒரே சொல். ‘செக்மேட்’டில் வரும் மேட்டும் ‘கிளாஸ்மேட்’டில் வரும் மேட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆனால் ஒட்டுறவே கிடையாது. சொல்லின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். தோண்டலாம்.

ஷா!

தேர், யானை, குதிரை, காலாள். ரத கஜ துரக பதாதி என்று புராணக் கதைகளில் கேட்டிருப்போம். நான்கு உறுப்புள்ள படை என்பதால் வடமொழியில் அது சதுரங்கம். அந்தப் படையைப் பலகையில் நிறுத்தி ஆடிய விளையாட்டுக்கும் அதே பெயர். 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்திலேயே சதுரங்கத்தைப் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து இந்த ஆட்டம் 6ஆம் நூற்றாண்டில், முதலாம் குஸ்ரோ என்ற அரசனின் காலத்தில் பாரசீகத்துக்கு, அதாவது இன்றைய ஈரானுக்கு, போனது என்பது அந்த நாட்டு மரபு. அங்கே அதன் பெயர் ‘சத்ரங்’ ஆயிற்று.

ஆட்டத்தில் முக்கியமான காய் ராஜா. பாரசீக மொழியில் ராஜாவுக்கு ‘ஷா’. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் இடத்துக்குக் காயை நகர்த்தியதும் “ஷா!” என்று சொல்வது அங்கே வழக்கம். ‘உன் ராஜாவுக்கு ஆபத்து, கவனி’ என்று அர்த்தம். நம் ஊர்த் திண்ணையில் ஆடும் பையன்கள் “செக்!” என்று கத்துவதும் இதே எச்சரிக்கைதான். உலக சதுரங்கக் கூட்டமைப்பின் இன்றைய விதிப்படி இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய போட்டிகளில் யாரும் சொல்வதில்லை. கத்துவதெல்லாம் திண்ணையில்தான். பழைய மரபைக் காப்பாற்றி வருவது அவர்கள்தான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஷா என்ற சொல்லும் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. அதன் பழைய வடிவத்தைப் பேரரசன் தாரியஸின் பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டில் பார்க்கலாம். ‘க்ஷாயதிய’ என்று வரும். ஆளுதல் என்ற பொருளுள்ள அந்த வேர் சமஸ்கிருதத்தில் ‘க்ஷத்ர’ என்று இருக்கிறது. அதிலிருந்து வந்தவர்தான் சத்திரியர். ஆக, சத்திரியனும் வங்கி செக்கும் தூரத்துப் பங்காளிகள்.

7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைக் கைப்பற்றினார்கள். நாட்டோடு ஆட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. அரபியில் ‘ச’கரத்தின் அழுத்தமான ஒலி கிடையாது, அதனால் சத்ரங் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. ராஜா தப்ப வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால் “ஷா மாத்”. பாரசீகத்தில் மாத் என்றால் செயலற்றுத் திகைத்து நிற்பது. அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான். இதனால் ‘ராஜா இறந்தார்’ என்ற விளக்கம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் ஆட்டத்தைப் பாருங்கள், ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லை. நகர இடமில்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. பாரசீக விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. இந்த ‘மாத்’தான் செக்மேட்டில் உள்ள மேட். கிளாஸ்மேட்டில் இருப்பது சேர்ந்து சாப்பிடுகிறவன் என்ற பொருளில் ஜெர்மானிய மொழிகள் பக்கத்திலிருந்து வந்த வேறொரு சொல்.

அரபுகளிடமிருந்து ஸ்பெயின் வழியாகவும் சிசிலி வழியாகவும் ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. அங்கே பெயர் இரண்டாகப் பிரிந்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஷத்ரஞ்சைப் பிடித்துக்கொண்டன. இன்றும் போர்ச்சுக்கீசியத்தில் சதுரங்கத்துக்கு ‘ஷத்ரேஸ்’தான். மற்றவர்கள் ஆட்டத்துக்கே ராஜாவின் பெயரை வைத்துவிட்டார்கள். ஜெர்மானியர்களுக்கு ஷாக். ரஷ்யர்களுக்கு ஷாமாத்தை அப்படியே வாங்கிய ஷாக்மத்தி. லத்தீன் எழுதியவர்கள் ‘ஸ்காக்குஸ்’ என்று ஒரு வடிவம் உண்டாக்கினார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ‘ஸ்க’ என்று தொடங்கும் சொல்லை அவர்கள் வாய் ஏற்காது, முன்னால் ஓர் எகரம் சேர்த்தார்கள். நம் பாட்டிமார் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்வார்களே, அதேதான். இப்படி அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என்பது போன்ற வடிவத்துக்கு வந்தது. 1066இல் பிரான்ஸின் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் இறங்கின. ஆங்கிலேயர் அந்த முதல் எகரத்தை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது செக். பிரெஞ்சில் அதன் பன்மையிலிருந்து வந்ததுதான் ‘செஸ்’. அதாவது செஸ் என்றால் செக்குகள், வேர்ப்பொருளில் ராஜாக்கள்.

இந்தச் சொல்லைக் கொடுத்த நாட்டில் கடைசி ஷா 1979இல் பதவி இழந்தார். புரட்சிக்குப் பின் வந்த ஆட்சி, சூதாட்டத்துக்கு வழிவகுக்கும் என்று சதுரங்கத்துக்கே தடை போட்டது. 1988இல்தான் தடை நீங்கியது.

மறித்தலும் சரிபார்த்தலும்

பலகையில் செக் விழுந்துவிட்டால் என்ன நடக்கிறது? எதிராளி எவ்வளவு பெரிய திட்டம் வைத்திருந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ராஜாவைக் காப்பாற்றிவிட்டுத்தான் வேறு வேலை. இதனால் ஆட்டத்துக்கு வெளியிலும் செக் என்றால் திடீர்த் தடை, பின்னடைவு என்று பேச ஆரம்பித்தார்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்தப் பொருள் வந்துவிட்டது. கோபத்தைக் கட்டுக்குள் வைப்பதும், எதிரிப் படையை மேலே வர விடாமல் நிறுத்துவதும் செக் ஆயின. பனி ஹாக்கியில் (அங்கே பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற வட்டு) வட்டைக் கொண்டு போகிறவனை உடம்பால் மோதி நிறுத்துவதற்கு இன்றும் செக் என்றுதான் பெயர். அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போது ‘செக்ஸ் அண்டு பேலன்ஸஸ்’ என்பார்கள். 1787இல் எழுதப்பட்ட அந்த அமைப்பில், நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாவை அதிபர் மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அந்த மறுப்பை நாடாளுமன்றம் மீறலாம். ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. இங்கே செக் என்பதைச் ‘சோதனை’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது தப்பு. இது தடுப்பு.

சரி, தடுப்பு எப்படிச் சோதனை ஆனது? நடுவில் ஒரு படி இருக்கிறது: கட்டுப்பாடு. கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். அவர் கை நீளாமல் தடுக்க வேண்டும். என்ன செய்யலாம்? இன்னொருவரிடம் இன்னொரு கணக்கேட்டைக் கொடுத்து எழுதச் சொல்லி, மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிடலாம். தடுக்கும் வழியே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். இப்படித் தடுப்பது என்ற பொருள் நழுவி, ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற இடத்துக்கு 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வந்து சேர்ந்தது. இன்று இந்தச் சொல்லுக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருளே இதுதான்.

சொற்கள் இப்படித்தான் நகரும் என்பதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. ‘கன்ட்ரோல்’ என்ற சொல் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அதன் பிரெஞ்சு மூலத்துக்குப் பொருள் ‘எதிர்ச்சுருள்’, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் இரண்டாவது கணக்குச் சுருள். சரிபார்ப்பதில் தொடங்கி அடக்குவதில் முடிந்தது அது. அடக்குவதில் தொடங்கிச் சரிபார்ப்பதில் முடிந்தது இது.

சரிபார்க்க உதவும் பொருளுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க ரயில்களில் பெட்டியை ஒப்படைத்தால் ஒரு வில்லை தருவார்கள், அதற்கு செக். உணவகத்தில் சாப்பிட்டதற்குக் கொடுக்கும் பில்லும் அங்கே செக். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்க்க ஒரு சீட்டு கொடுத்தார்கள், அது ‘ரெய்ன் செக்’. இப்போது யாராவது காபிக்குக் கூப்பிட்டால், ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று அமெரிக்கர்கள் நழுவும்போதும் இந்தச் சீட்டைத்தான் சொல்கிறார்கள். விமான நிலையத்தில் செக்-இன், விடுதியில் செக்-அவுட், மருத்துவமனையில் மாஸ்டர் செக்கப் எல்லாம் இந்தக் கிளைதான். சோதனைச் சாவடி மட்டும் சுவாரசியமானது. வண்டியை மறித்து நிறுத்துவதும் அங்கே நடக்கிறது, சோதிப்பதும் நடக்கிறது. பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன.

கணக்குக்கு ஒரு பலகை

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. ராஜா என்ற சொல் பணத்துக்குள் நுழைந்த இடம்.

சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்கக்காரியும்’, பிரெஞ்சில் ‘எஷெக்கியே’. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வரவு செலவைத் தணிக்கை செய்த அலுவலகத்துக்கு இதே பெயர் வந்தது. ஆங்கிலத்தில் அது ‘எக்ஸ்செக்கர்’. பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்கள். வேர்ப்பொருளைப் பார்த்தால் அவர் சதுரங்கப் பலகையின் அதிகாரி. அந்தப் பெயரில் ‘எக்ஸ்’ என்று இருப்பதே ஒரு பிழை. முன்னால் நின்ற எகரம் லத்தீனின் ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டின் தேய்ந்த வடிவம் என்று யாரோ நினைத்துத் திருத்த, அந்தத் ‘திருத்தமே’ நிலைத்துவிட்டது.

நிதித் துறைக்கு ஏன் விளையாட்டுப் பலகையின் பெயர்? அந்த அலுவலகத்தின் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய விளக்க நூல் நம் கையில் இருக்கிறது. ஏறத்தாழ 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாமல் இருக்க நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அப்புறம் இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று போகும். ஈஸ்டருக்கும் மைக்கேல்மஸ் திருநாளுக்கும், ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் அரசனுக்காக வரி வசூலிக்கும் அதிகாரியான ஷெரிஃப் வந்து மேசையின் ஒரு பக்கம் உட்காருவார். எதிரே பொருளாளர். கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வரிசையில் வில்லைகளை வைப்பார்கள், கட்டிய தொகைக்கு இன்னொரு வரிசையில். வித்தியாசம் எவ்வளவு என்பது அறையில் உள்ள எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

பலகையில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல, இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே ஒப்பிடுகிறார். மாவட்டத்தில் பெரிய மனிதராக வலம் வந்த ஷெரிஃபுக்கு அந்த மேசை எவ்வளவு நடுக்கம் தந்திருக்கும் என்று ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்குப் புரியும்.

இவ்வளவு பெரிய அரசுக்குத் தாளில் கூட்டிக் கழிக்கத் தெரியாதா என்று கேட்கலாம். அவர்கள் எழுதியது ரோமன் எண்களில். அவற்றை வைத்துத் தொகையைக் குறிக்கலாம், கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. இந்தியாவில் பிறந்து அரபுகள் வழியாகப் போன பூஜ்யம் உள்ளிட்ட பத்து இலக்கங்களும் அப்போது இங்கிலாந்து அலுவலகங்களுக்கு வந்து சேரவில்லை. துணியில் இருந்த பத்திகள்தான் அந்த வேலையைச் செய்தன. காலியாக விட்ட பத்திதான் அவர்களுடைய பூஜ்யம். இந்திய எண்முறை வராத குறையை, இந்தியாவிலிருந்து போன விளையாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு மேசை சமாளித்துக்கொண்டிருந்தது.

பணம் கட்டியதற்கு ரசீது? அதற்கு ஒரு மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனத்துக்கு ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் கனம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி. நீளமான பாதிக்கு ஸ்டாக், மற்றதற்கு ஃபாயில். பின்னொரு நாள் இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு வெட்டுப் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாத ரசீது. பணம் கட்டும் செலானில் கிழித்துத் தருகிறார்களே கவுன்ட்டர் ஃபாயில், அதிலும் இந்த ஃபாயில் இருக்கிறது.

இந்தக் குச்சி முறை 1826 வரை நீடித்தது. பிறகு மலைபோல் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை என்ன செய்வதென்று தெரியாமல், 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். காய்ந்த மரம், அளவு மீறித் திணித்தார்கள். புகைபோக்கி சூடேறித் தீப்பிடித்து, அன்றிரவே பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. தேம்ஸ் கரையில் இன்று படங்களில் பார்க்கும், பிக் பென் உள்ள கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது.

தாள்

இனி வங்கி செக். கடிதம் எழுதி, ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்று தன் பணத்தை வைத்திருக்கும் பொற்கொல்லருக்கோ வங்கிக்கோ சொல்லும் பழக்கம் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1659 என்று தேதியிட்ட, 400 பவுண்டுக்கான அப்படியொரு கடிதம் இன்றும் இருக்கிறது. ஆனால் அப்போது அதற்கு செக் என்று பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இத்தகைய சீட்டுகளுக்கு அடிக்கட்டை வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. சீட்டில் யாராவது தொகையைத் திருத்தினால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். குச்சியின் இரண்டு பாதிகள் செய்த அதே வேலை. சரிபார்க்க உதவியதால் அந்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் செக் என்று பெயர். அப்புறம் அந்தப் பெயர் அடிக்கட்டையிலிருந்து தாவி, கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே வந்துவிட்டது. இப்போது நம் செக் புத்தகத்தில் அடிக்கட்டையை நிரப்புகிறவர்கள் எத்தனை பேர்? பெயருக்கு உரியதை வெறுமையாக விட்டுவிட்டு, பெயரைக் கடன் வாங்கியதை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரபு வணிகர்களிடம் பணம் கொடுக்கச் சொல்லும் எழுத்துக்கு ‘ஸக்’ என்ற பெயர் இருந்தது; செக் அதிலிருந்து வந்தது என்று ஒரு கருத்தும் பரவலாக உண்டு. ஒலி நெருக்கமாக இருப்பதால் மனசுக்குப் பிடித்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கட்டை என்ற நடுப்படி பதிவாகியிருக்கிறது. ஒலி ஒற்றுமையைவிட அந்தப் படிக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எப்படிப் பார்த்தாலும் அரபுகளுக்கு இந்தச் சொல்லில் ஒரு பங்கு இருக்கவே செய்கிறது, ஆட்டத்தைக் கைமாற்றியவர்கள் அவர்கள்தானே.

எழுத்து மாறியதற்கும் காரணம் அந்தப் பழைய மேசைதான். எக்ஸ்செக்கர் என்ற அந்தக் கருவூலத்தின் பெயரில் ‘க்யூ’ எழுத்து இருக்கிறது. பணத்தாளும் கருவூலமும் ஒரே இனம் என்று தோன்றியதால், பிரிட்டனில் வங்கித் தாளுக்கு மட்டும் சி-எச்-இ-க்யூ-யு-இ என்று எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் அந்த வம்புக்குப் போகவில்லை. அவர்களுக்கு எல்லா செக்கும் ‘சி-கே’யில்தான் முடியும். நாம் பிரிட்டிஷ் வழி. இந்தியாவில் செக்கை ஆளும் சட்டமே 1881இல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பயமுறுத்தும் 138ஆம் பிரிவு மட்டும் 1988இல் சேர்த்தது.

துணி

கட்டம் போட்ட துணிக்கு செக் என்று பெயர் வந்ததற்கு அதிகம் விளக்கம் வேண்டாம். சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையின் நேப்பியர் பாலத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வர்ணம் அடித்தார்கள், நினைவிருக்கும். அந்தப் பாலமும் ஒரு செக்தான். ஏற்றமும் இறக்கமுமான வாழ்க்கையை ஆங்கிலத்தில் ‘செக்கர்டு’ என்பதும் இந்தக் கறுப்பு வெள்ளையால்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நேரடிப் பங்கு உண்டு. சென்னையைச் சுற்றி நெய்து ஏற்றுமதியான வண்ணக் கட்டத் துணிக்கு உலகச் சந்தையில் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். அது மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று அழைத்து, திருமணத்துக்கும் சாவுக்கும் உடுத்தினார்கள். வாங்கிய துணியில் குறிப்பிட்ட சில நூல்களை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, கட்டங்களுக்குள் தங்கள் வடிவங்களை உண்டாக்கும் கலையும் அவர்களிடம் உண்டு. நம் ஊர்த் துணிக்கடையில் யாரும் இதைப் பன்மையில் சொல்வதில்லை. ‘செக்டு’ என்றுதான் கேட்பார்கள். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் வந்து சேர்ந்தபின்

இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் சுமப்பது ஆங்கிலத்துக்குப் பழகிவிட்டது. தமிழ் என்ன செய்தது? எழுத்துத் தமிழ் தனித்தனிச் சொற்களைப் போட்டுப் பிரித்துவிட்டது: காசோலை, சரிபார்ப்பு, சோதனைச் சாவடி, கட்டம். இவற்றில் காசோலை நல்ல படைப்பு. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வங்கிப் படிவங்களில் நிலைத்துவிட்டது.

பேச்சுத் தமிழ் வேறு வழி கண்டுபிடித்தது. செக்கை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வரும் வினையைக் கொண்டு பொருளைப் பிரித்தது. ‘செக் பண்ணு’ என்றால் சரிபார். அதைக் கேட்டு யாரும் செக் புத்தகத்தைத் தேட மாட்டார்கள். ‘செக் போட்டாச்சு’ என்றால் வங்கியில் பணத்துக்குப் போட்டாயிற்று. ‘செக் கொடு’, ‘செக் திரும்பி வந்துடுச்சு’ இரண்டும் தாள்தான். ‘செக் வை’ என்றால் சதுரங்கம், அல்லது சதுரங்கம் மாதிரி ஒரு காய் நகர்த்தல். இலக்கணப் புத்தகம் எதுவும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் ‘மாமனாருக்கு செக் வச்சுட்டான்’ என்பதற்கும் ‘மாமனாருக்கு செக் கொடுத்துட்டான்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடக் குழப்பம் வராது.

இவற்றில் ‘செக் வைத்தார்’ என்று எழுதும் அரசியல் நிருபரைத்தான் மிகப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்பவர் என்று சொல்ல வேண்டும். எதிராளியின் தலைவரை நகர விடாமல் செய்வதைத்தானே அவரும் சொல்கிறார். தலைப்பில் இடம் மிச்சமாகும் என்பதற்காக அவர் போட்டிருப்பார். ஆனால் பாரசீக ஆட்டக்காரன் ஒருவன் எழுந்து வந்து அந்தத் தலைப்பைக் கேட்டால், ஐந்து வாக்கியங்களில் அது ஒன்று மட்டும் அவனுக்கு உடனே புரியும்.